எதையும் மாற்றாமல், கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள ஜீப்பில் ருபிகான் தடத்தில் பக் ஐலண்ட் ஏரி வரை போக முடியுமா?

போகலாம், ஆனால் வண்டியைப் பொறுத்தது. நாங்கள் போனது ஜீப் ரேங்ளர் ருபிகானில். 2003-இல் இந்தத் தடத்தின் பெயரிலேயே வந்த ரகம்; மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரும், முன்பின் இரண்டு ஆக்ஸிலுக்கும் லாக்கரும் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) கம்பெனியிலேயே உண்டு. லோ ரேஞ்ச் இல்லாத சாதா எஸ்யுவி என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

கலிஃபோர்னியாவின் லூன் ஏரியில் தொடங்கி டாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் தடம், மொத்தம் சுமார் 35 கிலோமீட்டர். நாங்கள் பக் ஐலண்ட் ஏரியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்த வழியே திரும்பினோம். காலை எட்டுக்குக் கிளம்பியவர்கள் ஏரியைப் பார்த்தபோது மாலை நாலரை. நடந்தே போயிருந்தால் மதியச் சாப்பாடு கரையில்தான்!

ரோடு என்று ஒன்றும் கிடையாது. பைன் மரங்களுக்கு நடுவே வழுவழு கருங்கல் மேடு, அதன்மேல் வாஷிங்மிஷின் அளவுக்குக் கற்கள். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கினோம். அப்போதுதான் டயர் தளர்ந்து கல்லைக் கவ்வும்.

முதல் ஒரு மணி நேரம் நான் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுக்கொண்டிருந்தேன், ஊரில் பள்ளத்தைத் தப்பிக்கிற பழக்கம். டமார்! ஆக்ஸில் நடுவில் உருண்டையாகத் தொங்குமே, நம்ம லாரிக்காரர்கள் கிரவுன் என்பார்கள், அதில்தான் அடி. பெரிய கல் மேல் டயரைத்தான் ஏற்ற வேண்டும். கை பழகுவதற்குள் மனசு பத்து தடவை மறுக்கும்.

முன்னால் நடந்து கை காட்ட ஒரே ஒரு ஆள் போதும். எங்களுக்கு இரண்டு பேர் காட்டினார்கள். ஒருத்தர் இடது, ஒருத்தர் வலது. கதவுக்குக் கீழே இன்னமும் அந்த நசுங்கல் இருக்கிறது.

ஜூலைக்கு முன் போனால் பனி கிடக்கலாம். எண்ணெய் சிந்தினால் துடைக்கும் பொருட்களும் மலம் கழிக்கும் பைகளும் கட்டாயம் வேண்டும். சிரிக்காதீர்கள், பக்கத்து ஸ்பைடர் ஏரிக்கரையில் மனிதக் கழிவு மிஞ்சிப்போய் 2004-இல் அந்த இடத்தையே மூடினார்கள்.

ஒற்றை வண்டியாக மட்டும் போகாதீர்கள். கூட வந்த ஜீப்பின் டை ராட் (முன் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பி), எல்லிஸ் ஓடை தாண்டியதும் வில்லாக வளைந்துவிட்டது. கழற்றி, பாறைமேல் வைத்து, சுத்தியலால் அடித்து நிமிர்த்தி மாட்டினோம். இரண்டு மணி நேரம் அதற்கே போயிற்று.