மரச்சில்லு எரித்து வெப்பம் விற்பவருக்குப் பணம் எப்படி வருகிறது?

ஒரு பள்ளிக்கோ நாலைந்து கட்டடங்களுக்கோ பாய்லர் மூலம் வெப்பம் கொடுப்பவர் எதற்குக் காசு வாங்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் விறகுக்கு அல்ல, வெப்பத்துக்கு. வெந்நீர்க் குழாயில் ஒரு மீட்டர் இருக்கும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தையும் ஓட்டத்தையும் வைத்து அது எத்தனை யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் போனது என்று காட்டும். எடை போட்டு விற்றால் ஈரச் சில்லைத் தள்ளிவிடத்தான் தோன்றும். பாதி எடை தண்ணீராக இருக்கும் சில்லு கிலோவுக்குச் சுமார் 2.3 யூனிட்தான் தரும். ஈரம் 30 சதவீதமானால் 3.4 வரை வரும். மீட்டர் வைத்துவிட்டால் காயவைக்கும் கவலை விற்பவருடையது.

பாய்லர் யாருடையது என்பதில்தான் மாதிரிகள் பிரிகின்றன. ஃபின்லாந்தில் பல ஊர்களில் பாய்லர் நகராட்சியுடையது. உள்ளூர் விவசாயிகள் தனியாகவோ கூட்டுறவாகவோ சில்லு கொண்டுவந்து எரித்துப் பராமரிக்கிறார்கள். முதலீடு குறைவு, லாபமும் அளவோடுதான். பாய்லரையும் நீங்களே போட்டால், நிலையான கட்டணம் தனியாக, யூனிட் கட்டணம் தனியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் குளிர் குறைந்த வருடத்தில் கடன் தவணை இடிக்கும். நள்ளிரவில் சில்லு தள்ளும் திருகில் கட்டை சிக்கினால் ஓட வேண்டியதும் நீங்கள்தான். அந்தக் கூலியையும் விலையில் சேருங்கள்.