பீரோவுக்குப் பின்னால் கரும்பூசணம்: புற்றுநோய் வருமா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வாடகை வீட்டில் இருக்கிறோம். மழை வந்தால் படுக்கையறைச் சுவர் ஓதம் அடிக்கும். போன வாரம் பீரோவை நகர்த்தினால், பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். எட்டு வயது மகனுக்கு ஐப்பசியிலிருந்து இரவில் இருமல், வீசிங். இதைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். என் அப்பா புற்றுநோயில் போனவர். தூக்கமே இல்லை, டாக்டர்.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: முதலில் தூங்குங்கள், அம்மா. வீட்டுச் சுவர்ப் பூசணத்தைச் சுவாசித்ததால் புற்றுநோய் வரும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. 2021இல் நாம் பயந்த கரும்பூஞ்சை நோயும் இதுவல்ல. அது வேறு வகைப் பூஞ்சை; பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களையும், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் தாக்கியது.

ஆனால் உங்கள் மகனின் வீசிங்கை நான் அப்படி விட மாட்டேன். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு, பாட்டி ஊரில் இருக்கும்வரை இன்ஹேலரே தேவைப்படாது. சென்னை திரும்பிய மூன்றாம் நாள் இழுப்பு. அவன் அம்மா இதையெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவன் கட்டிலின் தலைமாடு குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தது. நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். பத்து பரிசோதனைகள் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

இன்றைக்கே மகனை வேறு அறையில் படுக்க வையுங்கள். அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் மருந்தடித்து விட்டுவிடக் கூடாது, துடைத்தெடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு பூசணத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரத்துணியை அறைக்குள் காயப் போடாதீர்கள். வீட்டுக்காரர் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு நிற்காவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பூசணம் பூக்கும்.

சரி, பூசணத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது சமையலறையில். வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான நஞ்சு இது. மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்பில் இருந்தால் ஆபத்து பல மடங்கு கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைக் கொட்டிவிடுங்கள். வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வந்துவிடும். செக்குக்குக் கொடுக்கும் கடலையையும் பொறுக்கித்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் செக்கெண்ணெயில் அந்த நஞ்சை நீக்கும் சுத்திகரிப்பு கிடையாது.

அப்புறம், மகனை இந்த வாரமே நெஞ்சுநோய் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதால் காசநோய்ப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். இன்ஹேலர் எழுதித் தந்தால் பழகிவிடும் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள்.