கோடு போட்ட சட்டையில் வானவில் நெளிவது ஏன்?

கேள்வி: பழைய டிவிடி பிளேயரை மஞ்சள் வீடியோ கேபிள் வழியாக டிவியோடு இணைத்திருக்கிறேன். நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை அணிந்தவர் திரையில் வந்தால், சட்டையில் இல்லாத நிறங்கள் அலை அலையாக நெளிகின்றன. சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகுமா? அல்லது டிவியில் கோளாறா?

பதில்: கேபிளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். டிவியும் கெட்டுப்போகவில்லை. மஞ்சள் கேபிளில் வருவது காம்போசிட் சிக்னல். அதில் படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பிரிப்பு ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. நீங்கள் பார்ப்பது அதன் விளைவைத்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எழுத்தும் கோடு போட்ட சட்டையும் வரும் காட்சிகளை ஓடவிட்டு, டிவியின் பட அமைப்பில் கலர் அளவைப் பூஜ்ஜியத்துக்குக் குறையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். சட்டையில் நெளிந்த வானவில் காணாமல் போகும். ஆனால் எழுத்தோரப் புள்ளிகள் அப்படியே ஊர்ந்துகொண்டிருக்கும். முதலாவது, நிறத்தின் பாதைக்குள் தவறிப் புகுந்த வெளிச்சத் தகவல். அதனால்தான் கலரை அணைத்ததும் போய்விட்டது. இரண்டாவது, வெளிச்சத்தின் பாதைக்குள் தங்கிவிட்ட நிறத் தகவல். கலரை அணைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

இரண்டையும் ஏன் கலந்தார்கள்? அமெரிக்காவில் என்டிஎஸ்சி வண்ண முறை 1953 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றபோது, வீடுகளில் ஏற்கெனவே ஏராளமான கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. அவற்றிலும் படம் தெரிய வேண்டும், சேனலின் அகலமும் கூடக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்று சேர்த்து லூமா எனும் வெளிச்ச சிக்னலை உருவாக்கினார்கள். நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது என்பதால் இந்தக் கணக்கு. பழைய பெட்டிக்கு லூமா மட்டும் போதும். சிவப்பிலிருந்தும் நீலத்திலிருந்தும் லூமாவைக் கழித்தால் கிடைக்கும் இரு வித்தியாசங்கள்தான் குரோமா எனும் நிறத் தகவல். பச்சையைத் தனியாக அனுப்பத் தேவையில்லை, மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுவிடலாம். நிறத்தில் நுணுக்கத்தைக் கண் அவ்வளவாகத் தேடுவதில்லை. எனவே லூமாவுக்கு ஏறத்தாழ 4.2 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொடுத்தவர்கள், குரோமாவை 1.3 மெகாஹெர்ட்ஸுக்குள் அடக்கினார்கள்.

அந்தக் குரோமாவை லூமாவின் எல்லைக்குள்ளேயே, 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு துணை அலையின் மேல் ஏற்றினார்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்த பால் (PAL) எனும் வண்ண முறையில் இது 4.43 மெகாஹெர்ட்ஸ். அலையின் உயரம் நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும். அதன் கட்டம், அதாவது ஃபேஸ், எந்த நிறம் என்பதைச் சொல்லும். டிவி படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வரையப்படுகிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இந்த அலையின் சிறு துணுக்கு ஒன்று ஒப்பீட்டுக்காக வருகிறது. டிவி அதை வைத்துத்தான் ஃபேஸை அளக்கிறது.

இப்போது அந்தச் சட்டைக்கு வருவோம். திரையில் ஒரு வரி ஓடும் நேரத்தில் படத்துக்குரியது சுமார் 52.6 மைக்ரோ வினாடி. அதற்குள் 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 188 முறை ஏறி இறங்கும். திரையின் முழு அகலத்துக்கும் நீட்டினால் 188 கறுப்பு வெள்ளை ஜோடிகள் வருகிற அளவுக்குச் சட்டைக் கோடுகள் நெருக்கமாக இருந்தால், அவை உண்டாக்கும் சிக்னலும் இதே அலைவரிசையில்தான் இருக்கும். அது துணியா, நிறமா என்று சொல்ல சிக்னலில் ஓர் அடையாளமும் இல்லை. டிவி அதை நிறமென்று எடுத்துக்கொண்டு சாயம் பூசிவிடுகிறது. பொடிக் கட்டம், பொடிக் கோடு போட்ட ஆடைகளைத் தவிர்க்கும்படி செய்தி வாசிப்பவர்களிடம் சொல்லப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரிப்பதில் மலிவான வழி, துணை அலை இருக்கும் பகுதியை லூமாவிலிருந்து அப்படியே வெட்டி எறிவது. நாட்ச் ஃபில்டர் என்பார்கள். புள்ளிகள் பெரும்பாலும் போய்விடும். அவற்றோடு படத்தின் நுணுக்கமும் போய்விடும், வானவில்லோ அப்படியே இருக்கும். எனக்கு இந்த வழி பிடிப்பதே இல்லை.

காம்ப் ஃபில்டர், அதாவது சீப்பு வடிகட்டி, இதைவிட அழகான யோசனை. என்டிஎஸ்சியின் துணை அலை, வரி அலைவரிசையைப் போல, அதாவது ஒரு வினாடியில் வரும் வரிகளின் எண்ணிக்கையைப் போல, 227.5 மடங்கு. அந்த அரைதான் சூட்சுமம். அதனால் அடுத்தடுத்த வரிகளில் அலை தலைகீழாகிவிடுகிறது. அலைவரிசைப் படத்தில் பார்த்தால், ஒரு சீப்பின் பற்களுக்கு நடுவே இன்னொரு சீப்பின் பற்களைச் செருகியதுபோல லூமாவின் இடைவெளிகளில் குரோமா உட்கார்ந்திருக்கும். ஒரு வரியை 63.5 மைக்ரோ வினாடி தாமதப்படுத்தி அடுத்த வரியோடு கூட்டினால் நிறம் தன்னையே அழித்துக்கொள்ளும், வெளிச்சம் மிஞ்சும். கழித்தால் நிறம் மிஞ்சும்.

ஆனால் மேல் வரியும் கீழ் வரியும் ஏறக்குறைய ஒரேமாதிரி இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். சிவப்புப் பட்டையின் அடிவிளிம்பில், மேல் வரி சிவப்பு, கீழ் வரி கறுப்பு. அங்கே நிறம் முழுதாக அழியாமல் புள்ளி வரிசையாகத் தொங்கும். சாய்ந்த மெல்லிய கோடுகளிலும் தடுமாறும். வரிகளுக்குப் பதிலாக முழு ஃபிரேம்களை ஒப்பிடும் 3டி காம்ப் ஃபில்டர், அசையாத காட்சியை மிகச் சுத்தமாகப் பிரிக்கும். ஆள் நடக்க ஆரம்பித்தால் அதுவும் பழைய முறைக்கே திரும்ப வேண்டியதுதான். பால் முறையில் ஃபேஸ் வரிக்கு வரி அரைச்சுற்று மாறாமல் கால்சுற்றாக மாறுவதால் இரண்டு வரித் தாமதம் தேவைப்படுகிறது. வேலை இன்னும் கடினம்.

ஆகவே என் ஆலோசனை: பிரிப்பதை மேம்படுத்தப் பார்க்காதீர்கள், கலப்பதையே தவிர்த்துவிடுங்கள். டிவிடி வட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் சாக்கெட்டுக்காகப் பிளேயர்தான் அவற்றைக் கலக்கிறது. பிளேயரின் பின்புறம் பாருங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று சாக்கெட் கொண்ட கம்போனென்ட். அதுவும் இல்லையென்றால் எஸ்-வீடியோ. அதில் லூமா ஒரு கம்பியிலும் குரோமா இன்னொரு கம்பியிலும் போகும், நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் தீர்ந்துவிடும். கம்போனென்டுக்கு மாறும்போது பிளேயரின் மெனுவிலும் வீடியோ வெளியீட்டை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மஞ்சள் கேபிளை எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்னப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். பிரிப்பு வேலை டிவியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாறும், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் ஃபில்டர் உங்கள் டிவியில் இருப்பதைவிட மோசமாகவும் இருக்கலாம். மாற்றி தேவையென்றால் கம்போனென்டை ஏற்கும் மாற்றியாக வாங்குங்கள்.

எல்லாக் கருவிகளுக்கும் இதே விடை பொருந்தாது. டிவிடிக்கு முன்பு வந்த பெரிய வட்டான லேசர்டிஸ்க்கில் பதிவாகியிருப்பதே காம்போசிட் சிக்னல்தான். அதில் எஸ்-வீடியோ எடுத்தால் பிளேயருக்குள் இருக்கும் ஃபில்டர் பிரிக்கிறது, மஞ்சள் எடுத்தால் டிவியின் ஃபில்டர். இரண்டையும் போட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டும். விஎச்எஸ் டேப்பில் லூமா சுமார் 3 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால் வானவில் அபூர்வம். அப்படித் தெரிந்தால் பதிவு செய்யும்போதே ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம், எந்தக் கேபிளாலும் போகாது.

மஞ்சளைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் டிவியின் ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள், புள்ளிகள் ஓரளவு அடங்கும். எஸ்-வீடியோ போட்டபின் படம் சுத்தமாக, ஆனால் கறுப்பு வெள்ளையாக வந்தால் பதற வேண்டாம். லூமா வந்துவிட்டது, குரோமா வரவில்லை. பிளக்கின் நான்கு ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கிறதா, டிவியில் அந்த இன்புட் காம்போசிட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.