கம்பெனி காரில் விபத்து: கைக்காசு கொடுத்து முடிக்கலாமா?

கேள்வி: கப்பலூரில் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி காரை நானேதான் ஓட்டுகிறேன். போன வாரம் மேலூர் தாண்டி ஒரு பைக்கை உரசிவிட்டேன். பைக்கில் வந்தவருக்குக் கையில் எலும்பு முறிவு. நானே ஸ்டேஷனில் தகவல் சொன்னேன், எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள், கார் அங்கேதான் நிற்கிறது. ‘நாற்பதாயிரம் கொடுங்கள், பேசி முடித்துத் தருகிறேன்’ என்று ஒருவர் வருகிறார். ரிப்பேர் செலவைச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறது கம்பெனி. பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா, ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நஷ்டஈடு வேறு, போலீஸ் கேஸ் வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறீர்கள். அடிபட்டவருக்கான நஷ்டஈடு காரின் உரிமையாளரான கம்பெனியின் பொறுப்பு. கம்பெனிக்காக இன்சூரன்ஸ் கட்டும். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியதே இதற்காகத்தான். நஷ்டஈட்டு மனுவில் ஓட்டுநர் என்று உங்கள் பெயரும் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கிரிமினல் கேஸ் மட்டும் ஓட்டியவர் மேல்தான். உங்களுக்குப் பதிலாக மேனேஜர் வந்து கூண்டில் ஏற மாட்டார்.

இப்போது அந்த நாற்பதாயிரத்துக்கு வருவோம். வண்டியின் பாலிசியை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் யாருக்கும் பணம் தரவோ, தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவோ, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ளவோ கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆக, நீங்கள் கொடுக்கும் பணம் திரும்பி வராது. சரி, போனால் போகட்டும், நிம்மதியாவது கிடைக்குமா? அதுவும் கிடையாது. நாற்பதில் அடிபட்டவர் கைக்கு எவ்வளவு போகும் என்று அந்தத் தரகருக்குத்தான் தெரியும். ஸ்டாம்பு பேப்பரில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கித் தருவார். ஆனாலும் நஷ்டஈட்டு மனு போட ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது, அதே தரகரே வக்கீலைப் பிடித்து மனுவும் போட்டுக் கொடுப்பார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பக்கம், ஸ்டேஷன் டீக்கடையில் ஒரு பக்கம் என்று இரண்டு தரப்பிலும் கமிஷன் வாங்குகிற பிழைப்பு இது. போலீஸ் கேஸையும் அவரால் முடிக்க முடியாது. கவனக்குறைவாக ஓட்டியதற்கான, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, இரு தரப்பும் சமாதானம் பேசி முடித்துக்கொள்ளும் வகையில் வராது.

அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள், ஆரஞ்சு வாங்கிக் கொடுங்கள், அதில் தப்பில்லை. தொகை பேச்சு மட்டும் வேண்டாம்.

கோர்ட்டில் ‘ஆமாம் என்று சொல்லி ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடுங்கள்’ என்றும் சொல்வார்கள். ஃபைன் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அந்த ‘ஆமாம்’ நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். வக்கீலைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

காரை எடுக்க, பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவர் எப்போது வருவார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் போலீஸின் முதல் விபத்து அறிக்கை இன்சூரன்ஸுக்கும், நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் போக வேண்டும் என்று 2022-லேயே விதி வந்துவிட்டது. ஸ்டேஷனில் கேட்டால், முதலில் ஆர்.சி. ஜெராக்ஸ் கொண்டு வாருங்கள் என்பார்கள். டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி. செல்லும் என்று விதி இருந்தும் ஜெராக்ஸ் கடைக்கு நடக்க வேண்டியிருக்கிறது! வண்டி உங்கள் பெயரில் இல்லாததால், உங்களை அதிகாரப்படுத்தி லெட்டர்பேடில் சீலோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கும் தரகர் தேவையில்லை.

சம்பளப் பிடித்தத்துக்கு வருகிறேன். நினைத்தவுடன் பிடிக்க முடியாது. உங்கள் கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்று காட்ட வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. நஷ்டம் எவ்வளவு என்பதே இன்சூரன்ஸ் தந்தது போகத்தான் தெரியும். 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது க்ளெய்மில் இன்சூரன்ஸ் தராமல் பிடித்துக்கொள்ளும் தொகை, 1000 ரூபாய். தேய்மானம் கழிக்காத ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலையை இன்சூரன்ஸ் தராது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்பும் சர்வேயரின் ரிப்போர்ட் நகலைக் கேளுங்கள். அதைக் காட்டாமல் முழு பில்லையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், நீங்கள் விற்பனைப் பிரிவு என்பதால். அன்று காரில் என்ன இருந்தது? தனியார் காரின் பாலிசியில் சரக்கு ஏற்றக் கூடாது என்று இருக்கும். சாம்பிளும் சொந்த லக்கேஜும் விலக்கு. கடைக்காரரிடம் காட்ட வைத்திருக்கும் நாலு டப்பா சாம்பிள். ‘போகிற வழிதானே, கொட்டாம்பட்டி கடையில் இறக்கிவிடு’ என்று பின்சீட்டில் அடுக்கிய பத்து அட்டைப்பெட்டி, இன்வாய்ஸோடு இருந்தால், சரக்கு. டெம்போ வாடகையை மிச்சம் பிடிக்கப் பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன. சர்வேயர் எடுக்கும் போட்டோவில் பெட்டி தெரிந்தால் கார் ரிப்பேர் க்ளெய்மில் இன்சூரன்ஸ் கேள்வி எழுப்பும். அந்தச் சரக்கை ஏற்றச் சொன்னது யார் என்று காட்டும் வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். பழியை உங்கள் மேல் தள்ளும்போது உங்களைக் காப்பாற்றுவது அதுதான். பெட்டி இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு கம்பெனி பெயரில் உள்ள காருக்குக் கிடையாது. உங்களுக்கே அடிபட்டால் என்ன வழி என்று எச்.ஆரில் கேட்டு வையுங்கள்.

இன்றே கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள்: விபத்து நடந்த நாள், இடம், நேரம், எஃப்.ஐ.ஆர். எண், பாலிசி நகல் வேண்டும், இன்சூரன்ஸுக்கு எந்தத் தேதியில் தகவல் கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், பாலிசியில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.