30-க்கு 17: அத்தைக்கு மறதி நோயா?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது, பள்ளிக்கூடம் போனதில்லை. கோவையில் ஒரு மருத்துவமனையில் ஞாபகசக்தி டெஸ்ட் எடுத்ததில் 30-க்கு 17 வந்தது. தேதி கேட்டார்கள், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், வாசிக்க, எழுத, படம் பார்த்து வரையச் சொன்னார்கள். டிமென்ஷியா ஆரம்பம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டில் பால் கணக்கு இன்னும் அத்தைதான் பார்க்கிறார். அமாவாசை என்றைக்கு என்று காலண்டர் பார்க்காமலே சொல்கிறார். ரெண்டு மாதமாக மட்டும் சொன்னதையே சொல்கிறார், ஒருநாள் கறந்த மாட்டையே மறுபடி கறக்கப் போய்விட்டார். டிவி சத்தமும் அதிகமாக வைக்கிறார். இந்த மார்க்கை நம்புவதா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மார்க்கை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் அம்மணி. அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

அத்தைக்கு வைத்தது 1975-இல் அமெரிக்காவில் உருவான எம்.எம்.எஸ்.இ. என்ற டெஸ்ட் போலத் தெரிகிறது. அதில் பொதுவாக 24-க்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள். ஆனால் கழித்தலுக்கு 5 மார்க், வாசிப்பதற்கு 1, எழுதுவதற்கு 1, வரைவதற்கு 1 என்று எட்டு மார்க், பென்சிலே பிடிக்காத ஒருவருக்கு மூளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிடைப்பது கஷ்டம். ஆங்கிலத் தேதி கேட்டால் முழிக்கிறவர் ஆவணி எத்தனை என்று கேட்டால் பட்டென்று சொல்லியிருப்பார். இது நம் ஊரில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் எழுத்தறியாத முதியவர்களைப் பரிசோதிக்கப் போனவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். அதனால் அந்த டெஸ்டையே மாற்றி, இந்தியில் ஒன்றை 1995-இல் வெளியிட்டார்கள். அதில் 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்வதில்லை. நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டுவார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள். எவ்வளவு சின்ன மாற்றம் பாருங்கள், ஆனால் ஒரு மனுஷியை நோயாளி என்று எழுதுவதும் எழுதாததும் இதில்தான் இருக்கிறது.

சரி, இப்போது எனக்குக் கவலை தருவது அந்த 17 இல்லை, மாடுதான். இத்தனை வருஷம் கறந்த கை, கறந்ததை மறப்பது புதுசு. வயதானவர்களை அளக்கும்போது ஊரார் மார்க்கோடு ஒப்பிடுவதைவிட, போன வருஷம் இருந்த அவரோடே ஒப்பிடுவதுதான் முக்கியம், அதைச் சொல்லக்கூடிய ஆள் டாக்டர் இல்லை, கூடவே இருக்கிற நீங்கள்தான். பால் கணக்கு தப்புகிறதா, அடுப்பை அணைக்க மறக்கிறாரா, பழகின வழியில் தடுமாறுகிறாரா, எப்போதிலிருந்து என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

ரெண்டு மாதத்தில் வந்த மாற்றம் என்பதால், சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வைட்டமின் பி12, தைராய்டு, ரத்தத்தில் சோடியம், இந்த மூன்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். தூக்க மாத்திரை போடுகிறாரா, மனசு சோர்ந்து கிடக்கிறாரா என்றும் பாருங்கள், மனச்சோர்வு மறதி மாதிரியே வேஷம் போடும். அப்புறம் அந்த டிவி சத்தம்! காது சரியாகக் கேட்காதவர், கேள்வியே காதில் விழாமல் தப்பாகப் பதில் சொல்லியிருக்கலாம். காதைச் சோதித்துவிட்டு, கண்ணாடி போடுபவரானால் அதையும் போட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், அவர் பேசுகிற தமிழிலேயே கேட்கக்கூடிய நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் மறுபடி டெஸ்ட் எடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே டெஸ்டை இன்னொரு முறை எடுத்தால், இறங்குகிறதா, நிற்கிறதா என்று தெரியும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது: ஒன்றிரண்டு நாளிலேயே திடீரென்று குழம்பிப் பேசினால், ஆள் அடையாளம் தெரியாமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சிறுநீர்த் தொற்று போன்ற காரணமாகக்கூட இருக்கலாம். மற்றபடி டாக்டரிடம் போகும்போது, அத்தை சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் தானாக வாங்கிப் போடுவது உட்பட, ஒரு பையில் போட்டு அந்த நோட்டோடு எடுத்துப்போங்கள்.