பேசும் மண்டை ஓடு: எந்த மென்பொருள், எந்த மோட்டார்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஹாலோவீன் அன்று மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளிடம் பேசுகிற மாதிரி ஒரு மண்டை ஓடு செய்து வாசல் திண்ணையில் வைக்க ஆசை. தாடை அசைய வேண்டும், தலையும் கொஞ்சம் திரும்ப வேண்டும். மூன்று நிமிடப் பேச்சு எழுதி வைத்திருக்கிறேன். ஆர்டுயினோ (நிரல் ஏற்றி மோட்டாரை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை) பழக்கம் உண்டு, ஆனால் பெரிதாக நிரல் எழுதத் தெரியாது. எந்த மென்பொருள் வாங்கலாம்? என்னென்ன பொருள் தேவை?

பதில்: நீங்கள் மென்பொருளில் ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் தாடை யார் சொல் கேட்டு அசையப் போகிறது? ஒலி கேட்டு அதுவாக அசையலாம். அல்லது நீங்கள் முன்கூட்டியே பதிந்து வைத்த அசைவைத் திருப்பிச் செய்யலாம். இந்த ஒரு முடிவு எடுத்தால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முதல் வழியில் ஒரு சின்ன சர்க்யூட் பலகை போதும். அமெரிக்காவில் வீட்டு வாசலில் ஹாலோவீன் காட்சி வைப்பவர்கள் நடுவே ‘ஸ்கேரி டெர்ரி’ என்ற பெயரில் புழங்கும் சர்க்யூட் இந்த வகைதான். குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறதோ அந்த அளவுக்குத் தாடை திறக்கும், குரல் அடங்கினால் மூடும். இதையே ஆர்டுயினோவில் செய்யும் நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினி வேண்டாம், அசைவைப் பதியும் வேலை இல்லை. மைக் பிடித்து நீங்கள் நேரடியாகப் பேசினாலும் வேலை செய்யும். பின்னணி இசை மட்டும் வில்லங்கம். குரலோடு இசையும் கலந்து போனால் மத்தளத்துக்கெல்லாம் தாடை ஆடும். அதனால் ஸ்டீரியோ கோப்பில் இடது பக்கம் குரல் மட்டும், வலது பக்கம் இசை என்று பிரித்து வைத்து, இடது பக்கத்தை மட்டும் பலகைக்குக் கொடுப்பார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஒலியும் அசைவுக்கான கட்டளையும் ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் போவது பழைய யோசனைதான். 1963-ல் டிஸ்னிலாந்தில் திறந்த டிக்கி ரூம் காட்சியின் இயந்திரப் பறவைகளும் நாடாவில் பதிந்த ஒலிக் குறிகளைக் கேட்டுத்தான் அலகைத் திறந்தன.

இந்த வழியின் குறை ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். “யாரது? மிட்டாய் வேணுமா?” என்று உங்கள் மண்டை ஓடு கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘யா’வில் வாய் நன்றாகத் திறக்க வேண்டும், சரி, அங்கே குரலும் உரக்கத்தான் இருக்கும். ஆனால் ‘மி’ தொடங்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும். ‘ம்’ மூக்கால் வரும் ஒலி. உதடு மூடியிருந்தாலும் சத்தம் நிற்காது. சர்க்யூட்டுக்கு அது தெரியாதே, திறந்தே வைத்திருக்கும். அடுத்து ‘ட்டாய்’. அந்த ‘ட்’டில் ஒரு கணம் ஒலியே நின்று போவதால் தாடை டக்கென்று மூடித் திறக்கும், பார்க்க அழகாக இருக்கும். கடைசி ‘மா’வில் மறுபடி அதே சிக்கல். மண்டை ஓட்டுக்கு உதடு கிடையாது. பல்லோடு பல் சேர்வதை வைத்துத்தான் அது ‘ம’ சொல்கிறதா ‘ப’ சொல்கிறதா என்று பார்ப்பவர் மனம் நம்புகிறது. அந்த இரண்டு எழுத்தும் தவறினால், ரேடியோவுக்கு வாயசைக்கிற பொம்மை மாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் உங்களுக்கு இரண்டாவது வழியைச் சொல்கிறேன். தலையும் திரும்ப வேண்டும் என்கிறீர்கள், அதற்கு எப்படியும் அசைவைப் பதியும் மென்பொருள் தேவை. தாடையையும் அதிலேயே பதிந்துவிடுங்கள்.

அசையும் பொம்மை செய்பவர்கள் நடுவே பல வருடமாகப் பேர் எடுத்த மென்பொருள் புரூக்ஷயர் நிறுவனத்தின் வி.எஸ்.ஏ. விண்டோஸில் ஓடும், காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒலி அலை மேலே தெரியும், ஒவ்வொரு மோட்டாருக்கும் கீழே ஒரு தடம். பொலோலு மேஸ்ட்ரோ மாதிரியான, மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் பலகையோடு நன்றாகப் பேசும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே ஆர்டுயினோ கையில் வைத்திருப்பவர் முதல் மண்டை ஓட்டுக்கே இவ்வளவு செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. எக்ஸ்லைட்ஸ் என்ற மென்பொருள் இலவசம், செர்வோவையும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) ஓட்டும். ஆனால் அது விளக்கு அலங்காரத்துக்காகப் பிறந்தது. வீடு முழுக்க விளக்குகளை இசைக்கு ஆட விட்டிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது பாட்டாங்கோ என்ற மென்பொருள். அசையும் பொம்மைகளுக்காகவே எழுதப்பட்டது, விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆர்டுயினோவில் அவர்கள் கொடுக்கும் நிரலை ஏற்றிவிட்டால் அப்புறம் நிரல் எழுதும் வேலையே இல்லை. குரல் கோப்பைக் காலக்கோட்டில் போட்டுவிட்டு, வளைகோட்டை இழுத்து இழுத்துத் தாடையைத் திறந்து மூடலாம். கேம் கன்ட்ரோலர் இருந்தால் இன்னும் சுகம். குரலை ஓடவிட்டு, விரலால் குச்சியை அசைத்தபடி தாடையை நேரடியாகப் பதியுங்கள், பிறகு ‘ம’, ‘ப’ வரும் இடங்களை மட்டும் கையால் மூடுங்கள். பதியும்போது நம் விரல் ஒலிக்குக் கொஞ்சம் பின்தங்கும், மோட்டாரும் பின்தங்கும். ஆகவே முழுத் தடத்தையும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள். வாய் சற்று முந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், பிந்தினால் பொறுக்காது.

இனி பொருட்கள். மண்டை ஓடு வாங்கும்போது தாடை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ மாணவர்களுக்கான பிளாஸ்டிக் மாதிரியில் தாடை ஸ்பிரிங் போட்டுத் தனியாக மாட்டியிருக்கும், மண்டை மேல்மூடியும் கழன்று வரும், மோட்டாரை உள்ளே வைக்க வசதி. அந்த இறுக்கமான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் கீல் போல மாட்டுங்கள். விரலால் தட்டினால் தடையில்லாமல் ஆட வேண்டும். இந்த இடத்தில் பொறுமையாக உட்கார்ந்து வேலை பாருங்கள். கீல் இறுக்கமாக இருந்தால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

சாதாரண செர்வோ 60 டிகிரி திரும்ப ஏறக்குறைய 0.2 நொடி எடுக்கும். நாம் ஒரு நொடியில் நாலைந்து அசை பேசுகிறோம். அதாவது ஓர் அசைக்கே 0.2 நொடிதான், அதற்குள் திறந்து மூடவும் வேண்டும். எனவே முழு வீச்சுக்கும் மோட்டார் 25 டிகிரிக்கு மேல் திரும்பாதபடி இணைப்புக் கம்பியை அமையுங்கள். முன்பல் 2 சென்டிமீட்டர் திறந்தால் தாராளம். வேகமான பேச்சில் எல்லா அசைக்கும் திறக்க வேண்டியதில்லை, அழுத்தம் விழும் அசைகள் போதும். தாடைக்கு எம்.ஜி.90.எஸ் போன்ற உலோகப் பல்சக்கரம் உள்ள சிறிய செர்வோ, கழுத்துக்கு எம்.ஜி.996.ஆர் போன்ற பெரியது. பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள எஸ்.ஜி.90 வேண்டாம், பல் தேய்ந்துவிடும். பல் சேர்ந்த இடத்துக்குச் சற்று முன்பே மோட்டாரின் எல்லையை மென்பொருளில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மூடிய வாயை இன்னும் மூடப் பார்த்து உறுமிக்கொண்டே சூடாகும்.

கழுத்துக்கு இந்த வருடம் இடவலம் திரும்புவது ஒன்று போதும். தலை சாய்வதும் குனிவதும் அடுத்த வருடம். பேசத் தொடங்குமுன் தலை குழந்தை பக்கம் திரும்பி, அரை நொடி நின்று, அப்புறம் வாய் திறக்கட்டும். அந்த அரை நொடியில்தான் அதற்கு உயிர் வரும்.

மின்சாரத்தில் கவனம். செர்வோவுக்கு ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். எம்.ஜி.996.ஆர் சிக்கி நின்றால் ஒன்றே 2.5 ஆம்பியர் வரை இழுக்கும், ஆர்டுயினோ அணைந்து அணைந்து எரியும், தலை வெட்டி வெட்டி ஆடும். தனியாக 5 அல்லது 6 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வைத்து, அதன் கிரவுண்டையும் (மைனஸ் முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். மோட்டார் எண்ணிக்கை கூடும்போது பி.சி.ஏ.9685 பலகை ஒன்று போட்டால் 16 செர்வோ வரை ஓட்டலாம். வாசலில் மழையும் ஈரமும் உண்டு. ஜி.எஃப்.சி.ஐ (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே நிறுத்தும்) பாதுகாப்பு உள்ள வெளிப்புற பிளக்கில் மட்டும் இணைக்க வேண்டும், அடாப்டரை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

லேப்டாப்பை ஜன்னலுக்கு உள்ளே வைக்கலாம். சாதாரண யு.எஸ்.பி கேபிள் 5 மீட்டர் வரை நம்பிப் போடலாம். ஸ்பீக்கரை மட்டும் மண்டை ஓட்டுக்கு அடியிலேயே மறைத்து வையுங்கள். குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தால் எவ்வளவு அழகாக வாயசைத்தும் வீண்.

கடைசியாக அந்த மூன்று நிமிடப் பேச்சு. அதை எட்டுப் பத்து நொடித் துண்டுகளாக உடைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிட்டாய்க்கு வரும் குழந்தை உங்கள் படியில் அரை நிமிடம் நின்றால் அதிகம், அடுத்த வீடு கூப்பிடும். வரவேற்புக்கு ஒன்று, கூட்டமாக வந்தால் ஒன்று, சூனியக்காரி வேடத்துக்கு ஒன்று, சூப்பர் ஹீரோ வேடத்துக்கு ஒன்று, பயந்து அழும் சின்னஞ்சிறுசுக்கு மெதுவாகச் சொல்ல ஒன்று, வழியனுப்ப ஒன்று. ஒவ்வொன்றையும் தனி அசைவாகப் பதிந்து, வீட்டுக்குள்ளிருந்து பார்த்து நீங்களே பொருத்தமானதை ஓடவிடுங்கள். நடமாட்டத்தை உணரும் சென்சார் வைக்கலாம்தான், ஆனால் அதற்குச் சூனியக்காரியும் தெரியாது, அழுகிற குழந்தையும் தெரியாது. வேடத்தைச் சரியாகச் சொல்லி அழைத்தால் குழந்தைகள் அசந்து போவார்கள். முதலில் வரவேற்பை மட்டும் பதிந்து, இருட்டில், படியில் குழந்தை உயரத்துக்குக் குனிந்து நின்று பாருங்கள். மீதித் துண்டுகளில் என்ன திருத்துவது என்று அங்கேயே தெரிந்துவிடும்.