மரத்தடியில் கிடக்கும் தீனி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆடி வந்தால் எங்கள் பக்கம் புல் எல்லாம் கருகிவிடும். ஆடுகள் உடை, வாகை, இப்பிலிப்பில் மரங்களின் கீழே விழுந்த நெற்றைத் தேடித் தேடித் தின்கின்றன. பொறுக்கி வைத்துக் கொடுக்கலாமா? அதில் சத்து இருக்கிறதா? (வாசகி, நெடுங்கேணி)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம் தங்கச்சி. முற்றத்தைக் கூட்டி நெற்றைக் குப்பையோடு எரிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வைக்கலில் புரதம் 3, 4 சதவீதம்தான் இருக்கும், மொத்தத் தீனியில் அது 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே இரைப்பையில் நாரைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், பிறகு வயிறு நிறைய வைக்கல் கிடந்தும் ஆடு மெலிந்துகொண்டே போகும். இந்த வகை நெற்றுகளில் மரத்துக்கு மரம் கூடிக் குறைந்தாலும் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை புரதம் உண்டு. கொஞ்சம் சேர்த்தாலே அந்த வைக்கலும் செரிக்கத் தொடங்கும்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள், இடித்துக் கொடுங்கள். புரதத்தில் பெரிய பங்கு விதைக்குள் இருக்கிறது, விதைத் தோலோ சரியான கடினம். ஆடு ஓரளவுக்கு மெல்லும், ஆனால் மாட்டின் சாணத்தைக் கிளறிப் பாருங்கள், விதை முழுசாகவே கிடக்கும். உரலில் இடித்தாலும் போதும், மில்லில் அரைத்தால் இன்னும் நல்லது.

வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு 200 கிராம் அளவு சரி, அதையும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். நெற்றையே முழுத் தீனியாக்க வேண்டாம். உடை மாதிரி துவர்ப்புள்ள நெற்று அளவு மிஞ்சினால் அந்தத் துவர்ப்பே புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்பிலிப்பிலில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது, இலையும் நெற்றுமாகச் சேர்த்து மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள், மயிர் உதிரத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குலுக்கினால் விதை கலகலக்கும் வரை நெற்றைக் காயவிட்டுச் சாக்கில் கட்டி, ஐப்பசி மழைக்கு நனையாத இடத்தில் உயர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்தும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: சீமைக்கருவேல நெற்றைத் தின்றால் மாட்டுக்கு வாய் கோணும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், மன்னார்)

பதில்: உண்மைதான் ஐயா. ஆனால் எப்போதாவது நாலு நெற்று தின்பதால் வருவதில்லை. வேறு தீனி இல்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்னும் மாடுகளுக்குத்தான் வரும். அதிலுள்ள நச்சுப்பொருள் தாடையை அசைக்கும் நரம்புகளைக் கெடுக்கிறது, மாடு தலையைச் சரித்து மெல்லும், எச்சில் வடியும், கடைசியில் தின்ன முடியாமல் மெலியும். இனிப்பு நிறைந்த நெற்று என்பதால் மாடு தானாக நிறுத்தாது, நாங்கள்தான் பார்க்க வேண்டும். தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்திருங்கள். இதையும் நன்றாக அரைத்தே போடுங்கள், அரைபடாத விதை சாணத்தோடு போய் விழும் இடமெல்லாம் முளைக்கும், பிறகு அந்த முள்ளை வெட்டி முடியாது.